ஹேமாவதியைச் சேர்க்கும் முன்

மில் விடுதி, கோவை
மே 2003

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு முத்துப்பேச்சியின் வணக்கம். நான் நலம். அம்மாவின் முட்டுவலி தேவலையா?

தங்கை ஹேமாவதியை, ப்ளஸ் ஒன்னிலிருந்தே என்ட்ரன்ஸ் கோச்சிங் தரும் ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். "பெத்தவுக அடிக்கடி வராதீக, பிள்ளை மனசு கலைஞ்சிரும்" என்று அங்கே சொன்னார்களாமே. என்னை மில்லில் சேர்த்த ஏஜென்டும் இதையேதான் சொன்னார். அப்பா, போன மாதம் நான் ஷிப்டில் இருப்பதாகச் சொல்லி உங்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். அன்று நான் அறையில்தான் படுத்திருந்தேன். சின்னக் காய்ச்சல், சரியாகிவிட்டது.

சீயக்காய்த் தூள் கொஞ்சம் அனுப்புங்கள்.

பள்ளியில் பணம் கட்டுமுன், சொல்லாமல் ஒருநாள் போய், அங்கே படிக்கும் நம் கோம்பை ஊர்ப் பிள்ளை யாரையாவது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். விட்டால் சேருங்கள். விடவில்லை என்றால், டாக்டர் சீட்டே கிடைத்தாலும் வேண்டாம். அவள் வீட்டிலிருந்தே படிக்கட்டும்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது.

முத்துப்பேச்சி