தேவியாரின் பிறந்த வீட்டுக் கோடி

மாரி வழங்குக, மரக்கலங்கள் கரை சேர்க. ஏழ்துறைக்கும் உடையவரும், வேங்கைமாநகர் அரியணையில் இருபத்தேழாம் ஆண்டு வீற்றிருப்பவருமான கோச்செங்கீரப் பெருமாளின் திருவாய்மொழி கேட்டுத் திருவோலை நாயகம் பொற்கோவன் எழுதியது. சங்குத்துறைப் பட்டினத்தின் காவல் பூண்ட வெண்காடனார், சுற்றமும் படையும் சூழ நலமே இருந்து, இதனை நின்றபடியே படித்தறிக.

நீர் விடுத்த ஓலை நேற்று முற்பகல் வந்து சேர்ந்தது. சென்ற திங்கள் மறைந்த பெருந்தேவியார் புவனமணிமாதேவியாருக்குத் தமக்கை என்று சொல்லிக்கொண்டு, கொற்றி என்னும் கழைக்கூத்தாடிக் கிழவி ஒருத்தி புதுப்புடவையும் கையுமாகக் கோட்டை வாயிலில் வந்து நின்று தலைநகருக்கு வழி கேட்டாள் என்றும், தேவியாரின் பிறப்பைப் பேசுவோரும் அவருக்கு உறவு சொல்லி வருவோரும் நாடு கடத்தப்படுவர் என்ற பழைய ஆணைப்படி அவளைச் சிறையிட்டுப் புடவையைச் சான்றாக எடுத்து வைத்திருப்பதாகவும், வரும் பௌர்ணமிக் கப்பலில் அவளை ஏற்றிவிடலாமா என்றும் எழுதியிருந்தீர். விசாரணையில் அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியனுப்பிய உமது நேர்மை கண்டு பெருமாள் மகிழ்ந்தார் என்று எழுதவே அடியேனுக்கு ஆசை. ஆனால் அவர் அழுதார்.

அவள் சொன்னதாக நீர் எழுதியது இது: “அவ எங்க வீட்டுப் பொண்ணு. செத்ததுக்கு எங்களுக்கு யாரும் ஆள் விடல. சொல்லாத சாவுக்குப் போகக் கூடாதுதான், எனக்கும் தெரியும். ஆனா பொறந்த வீட்டுக் கோடி போத்தாம அவளை எப்படி அனுப்புறது?”

இதை இருமுறை படிக்கச் சொன்னார் பெருமாள். பிறகு அவையை எழுந்து போகச் சொன்னார். அடியேனை மட்டும் இருத்திக்கொண்டு, முப்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு நாளைப் பேசத் தொடங்கினார்.

அப்போது அவர் இளவரசர். சங்குத்துறைத் திருவிழாவில் யாருக்கும் சொல்லாமல் கூட்டத்தோடு கூட்டமாகக் கயிற்று நடை பார்த்துக்கொண்டிருந்தார். மழை கொட்டியது. கூட்டம் கலைந்தது, அவர் மட்டும் வாய் பிளந்து நின்றார். கயிற்றிலிருந்து இறங்கி வந்த பெண், ஆள் யாரென்று அறியாமல், நனைந்த கயிற்றுச் சுருளை அவர் கையில் திணித்து, சும்மா நிற்பவர் இதையாவது பிடித்துக்கொண்டு நிற்கலாமே என்றாளாம். மூங்கில்களைப் பிடுங்கிக் கட்டும்வரை அவர் அதைப் பிடித்தபடி நின்றார். பறையடித்துக்கொண்டிருந்த அவள் தமக்கை கொற்றி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறதென்று பெருமாள் சொல்லும்போது அவர் முகம் இருபது வயது முகமாகிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் சாத்தி. புவனமணிமாதேவி என்பது நாம் வைத்த பெயர்.

அவள் அரசியானபின் நடந்ததை நீரும் அறிவீர். படை கலகம் செய்தபோது அமைச்சரெல்லாம் ஓடம் தேடினோம். அடியேனும் மூட்டை கட்டினேன், மறைப்பானேன். தேவியாரோ ஒரு சாண் அகல மதிலின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி, இந்தக் கோடிமுதல் அந்தக் கோடிவரை நடந்துகொண்டே வீரர்களோடு பேசினார். வேல்கள் தாழ்ந்தன. அந்த நடையை அவர் எங்கே கற்றார் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கேட்டால் நாடு கடத்தல்.

அந்த ஆணை அன்பினால் பிறந்தது. மணநாளில் குறுநில மன்னரின் மனைவியர் முகம் சுளித்ததைக் கண்ட பெருமாள் மறுநாளே அதைக் கல்லில் வெட்டுவித்தார். வாயை அடைப்பதாக எண்ணி வாசலை அடைத்துவிட்டோம் என்கிறார் இப்போது. ஒருமுறை கழைக்கூத்தர் பறை அரண்மனைத் தெருவில் கேட்டது. தேவியார் பலகணி அருகே நின்று கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். வெட்கத்தால் நோகிறார் என்று கருதிய பெருமாள், கழைக்கூத்தர் இனி அத்தெருவுக்கு வரலாகாதென்று இன்னொரு கட்டளையும் இட்டார். அன்று தேவியார் உண்ணவில்லை.

கடைசி நாளில், யாராவது வந்திருக்கிறார்களா என்று தேவியார் கேட்டார். ஏழு நாட்டுத் தூதரும் வாயிலில் காத்திருக்கிறார்கள் என்று பெருமாள் பெருமிதத்தோடு சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் யாரைக் கேட்டார் என்பது உமது ஓலை வந்தபின்தான் பெருமாளுக்கு விளங்கியது. ஏழு நாட்டுப் பட்டுகளையும் போர்த்தித் தீ வைத்தோம். பிறந்த வீட்டுக் கோடி ஒன்று இல்லை என்பது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. குடியானவன் வீட்டில்கூட அதற்காகப் பிணத்தை நிறுத்தி வைப்பார்கள்.

ஆகவே திருவுளக் கட்டளை. இவ்வோலை கண்ட நாழிகையே கொற்றியாரைச் சிறைவிடுக்க. சான்றென எடுத்த புடவையை மடிப்புக் கலையாமல் நீரே அவர் கையில் கொடுக்க. ஆணை பொறித்த கல்லைத் துறைமுகத்தார் காணப் பெயர்த்துக் கடலில் இடுக. பல்லக்கும் ஆளும் அனுப்பி வைக்கிறோம். அவர் நடந்தே வருவேனென்றால் நீரும் உடன் நடக்க. இது எம் மீன்முத்திரை இட்டது, வழுவற்க.

இதனுடன் வரும் இரண்டாம் ஓலையில் முத்திரை இல்லை. பட்டமும் வாழ்த்தும் இல்லை. சாவுச் செய்தி சொல்லும் ஓலைக்கு அவை ஆகா. பெருமாள் எழுத்தாணியை அடியேன் கையிலிருந்து வாங்கித் தாமே எழுதினார். வரி கோணியிருக்கிறது, திருத்தத் துணியவில்லை. கொற்றியாருக்குப் படிக்கத் தெரியாதெனில், அவர் அமர்ந்திருக்க நீர் நின்று வாசிக்க:

“கொற்றி மதினிக்குச் செங்கீரன் எழுதியது. சாத்தி போய்விட்டாள். உங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அஸ்தியை இன்னும் கடலில் கரைக்கவில்லை, எனக்கு மனம் வரவில்லை. கோடியோடு வாருங்கள். நான் வாசலில் நிற்கிறேன்.”