மேசைக்கு முன்னால் ஒரு கதிரை

இன்று காலை என் தம்பி வந்து, மேசைக்கு முன்னால் கிடக்கும் அந்தப் பச்சைக் கதிரையில் இருந்தான். கைப்பிடி வெடித்த அதே கதிரைதான். நீ வாங்கச் சொன்னபோது நான் முணுமுணுத்துக்கொண்டே வாங்கியது. அவன் அதில் இருப்பதைப் பார்த்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனைக் கையில் எடுத்தும்விட்டேன். போன மாரிகாலத்தோடு நீ இல்லாமல் போனாய் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இறால் உரித்துப் பெட்டி கட்டி அனுப்பும் இந்த இடம் என் கைக்கு வந்தபோது எனக்கு ஆட்களை ஏசத் தெரியும், வேலை வாங்கத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நீ புத்தளத்தில் சட்டத்தரணி. ஆளை எப்படி வேலைக்கு எடுப்பது, பிரச்சினை வந்தால் எப்படி விசாரிப்பது, எப்படி நிறுத்துவது என்று முதலாளிமாருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் உன் தொழில். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தவள் என்ற உரிமையில் உன்னைத் தில்லையடி வீட்டிலிருந்து அடிக்கடி இழுத்து வருவேன். நீயும் மூக்கைப் பொத்திக்கொண்டே இறங்குவாய். “உன்ட இறால் நல்ல ருசி, உன்ட வாசல்தான் நாத்தம்” என்பாய். அபாயாவை ஊற வைக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டே இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொள்வாய்.

அப்போது தம்பிதான் இங்கே மேற்பார்வையாளன். இறால் உரிக்கும் ஸ்டெல்லா ஒரு நாள் என் முன்னால் வந்து அழுதாள். அவன் இராவில் போன் எடுத்துக் கூடாத கதை கதைக்கிறானாம். அவள் போனை எடுக்காமல் விட்டதும் வேலை முறைப் பட்டியலிலிருந்து அவளுடைய பெயரை வெட்டிவிட்டானாம். தம்பியைக் கேட்டால், அப்படி ஒன்றும் இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டான். எங்கள் கரையில் இதற்கு ஒரே வழிதான் உண்டு. மீன் வாடியில் வலை காணாமல் போனாலும் சரி, வீட்டில் சங்கிலி காணாமல் போனாலும் சரி, சம்பந்தப்பட்டவர்களை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப் போய், அவருடைய சுரூபத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொல்வோம். சத்தியம் பண்ணியவர் சுத்தம், பின்வாங்கியவர் குற்றவாளி. ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரையும் கூட்டிப் போகலாம் என்று நானும் நினைத்து, ஒரு பேச்சுக்கு உன்னிடம் சொன்னேன்.

நீ சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டாய். “ரெண்டு பேர்ல ஆரு சத்தியத்துக்குப் பயப்படுவா, சொல்லு பாப்போம்?”

“ஸ்டெல்லாதான். சின்னப் பிள்ளைகள் இருக்கு. அதுகளுக்கு ஏதும் வந்திடுமெண்டு, உண்மைக்கும் சுரூபத்தத் தொட மாட்டாள்.”

“அப்ப கோயிலுக்குப் போக முதலே உன்ட தம்பி வெண்டுட்டான்.”

எனக்குக் கோபம் வந்தது. என் தம்பியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். நீ கத்தவில்லை. “அவன் செஞ்சான்டு நான் சொல்லல்ல. ரெண்டு பேருக்கும் தன்ட பக்கத்தச் சொல்ல ஹக்கு இருக்கு, கேட்டுத்தான் முடிவெடுக்கணும்” என்றாய். பிறகு உன் வேலையைத் தொடங்கினாய். குற்றச்சாட்டை எழுத்தில் தம்பியிடம் கொடுக்க வைத்தாய். பதில் சொல்ல அவகாசம் கொடுத்தாய். விசாரணை முடியும்வரை சம்பளத்தோடு அவனை வீட்டில் நிற்கச் சொன்னாய். முறைப்பாடு சொன்னவளை வீட்டுக்கு அனுப்பினால் அது தண்டனை என்று, ஸ்டெல்லாவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வைத்தாய். விசாரிக்க என்னையும் தம்பியையும் தெரியாத ஒருவரைச் சிலாபத்திலிருந்து கூட்டி வந்தாய். தம்பி மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது, இந்தக் கதிரையை நீயே இழுத்துப் போட்டாய்.

“நிக்க வச்சுக் கேட்டா அது விசாரணை இல்ல, ஏச்சு” என்று என் காதோடு சொன்னாய். “அவன் கதைச்சு முடியுமட்டும் நீ வாயத் திறக்கப் படாது.”

என்னால் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா! உனக்குத் தெரியாதா? முந்தானையைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தம்பி எல்லாவற்றையும் மறுத்தான். ஸ்டெல்லா சொன்னாள். பிறகு இன்னும் இரண்டு பெண்கள் வந்து சொன்னார்கள். அவன் தலை மெல்லக் குனிந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தில் நான் கையெழுத்து வைத்தேன். அம்மா கண்ணை மூடும்வரை அதற்காக என்னை மன்னிக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் ஸ்டெல்லா இப்போதும் இங்கேதான் வேலை செய்கிறாள்.

அதற்குப் பிறகு தம்பி சிலாபத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் சேர்ந்தான். என் வாசலை மிதிக்கவில்லை. இன்று வந்தான். ஐஸ் கட்டியைக் களவாக விற்றான் என்று நேற்று தொழிற்சாலை வாசலில் வைத்தே முதலாளி துரத்திவிட்டாராம்.

“நான் அந்தோனியார்ல சத்தியம் பண்றன் அக்கா. அந்த முதலாளியக் கோயிலுக்குக் கூப்பிடுங்க.”

“சத்தியம் கிடக்கட்டும். உன்னட்ட விசாரிச்சவங்களா?”

“ஒரு வார்த்தை கேக்கல்ல.” கதிரையின் வெடித்த கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். “நீங்க அண்டைக்கு என்னத் துரத்தினீங்கதான். ஆனா இருக்க வச்சுக் கேட்டீங்க.”

கேட்டது நானில்லை, நீ. நீ அன்றைக்கு ஸ்டெல்லாவின் பக்கம் நின்றாய் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இவனுக்கும் சேர்த்துத்தான் நின்றிருக்கிறாய்.

ஐஸை விற்றானா இல்லையா, எனக்குத் தெரியாது. என் தம்பியை எனக்குத் தெரியும். அதனால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் விடவும் முடியவில்லை. முறைப்பாடு கொடுக்க நாளைக்கு அவனைத் தொழில் அலுவலகத்துக்குக் கூட்டிப் போகப் போகிறேன். அதற்கு முதல் நடந்ததை நான் அறிய வேண்டும். இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றி அவன் முன்னால் வைத்தேன். தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னேன்.

இடையிலேயே அவன் இரண்டு பொய் சொன்னான். ஏச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முந்தானையைக் கடித்துக்கொண்டு, அவன் கதைத்து முடியுமட்டும் இருந்தேன்.