கிடை போட்ட மூலையில் எடுத்த மண்

அத்தாவுக்கு தம்மாமிலிருந்து ஜமால் மைதீனின் ஸலாம். உடம்புக்கு எப்படி இருக்கீக? எனக்குப் போன வாரம் கட்டட வேலையில சாரத்துல ஏறும்போது கால் சறுக்குச்சு, லேசான சிராய்ப்புதான்.

மண் பரிசோதனை முடிவை மச்சான் போன்ல அனுப்புனாரு. நம்ம கரிசல்ல மணிச்சத்து அதிகமாம், சோளத்துக்கு டிஏபி உரமே வேணாமாம். நான் நம்பலை. எங்க தோண்டுனீகன்னு கேட்டேன். வடக்கு மூலையிலயாம். கோடையில ஆட்டுக்கிடை போட்ட இடமாச்சே! அங்க மட்டும் புழுக்கை மக்கிச் சத்தாத்தான் இருக்கும். அதை நம்பி உரத்தை நிறுத்துனா மத்த இடத்துல கதிர் புடிக்குமா? நாலஞ்சு இடத்துல எடுத்து, கலந்து, திரும்பக் குடுக்கச் சொல்லுங்க.

நீங்க கூட நின்னுருந்தா அந்த மூலையில மம்பட்டி வைக்க விட்டிருக்க மாட்டீக. நம்ம சோளக்காட்டுக்கு நடக்க முடியலையா அத்தா? வேலைக்கு வண்டி வந்துருச்சு. பதிலை நீங்களே எழுதுங்க. உடம்பு நல்லாருக்குன்னு மச்சான் கையெழுத்துல வந்தா நம்ப மாட்டேன்.