சுற்றாத சக்கரமும் உன் பெயரும்

இன்று காலை விமான நிலையத்தில், பயணிகள் விமானத்துக்குள் நடந்து போகும் மூன்றாம் எண் பாலத்தின் முனை அறைக்குள் நுழைந்ததும் அந்த ஈரத் துணி வாடை மூக்கில் ஏறியது. இரவெல்லாம் மழை. விமானத்தின் உடம்போடு ஒட்டுகிற அந்த மடிப்புத் துணி நனைந்து, பழைய ரப்பர் செருப்பையும் காயாத குடையையும் ஒன்றாகப் பூட்டி வைத்த மாதிரி நாறியது. மழை பெய்த மறுநாள் துணி விமானத்தில் போய் ஒட்டும்போதெல்லாம், "பல்லு வெளக்காம முத்தம் குடுக்குது பாரு டி" என்பாய். நான் கதவைச் சாத்திக்கொண்டு நீ நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டு எழுதக் கூடாது என்பதால் தள்ளிப் போட்டேன். இப்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. கோபத்தில் என் கையெழுத்துகூட நன்றாக இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கம்போங் மேடான் அடுக்குமாடியில் எங்கள் தளத்திலேயே முதல் ஆள் என்று அப்பா லோரி ஓட்டுகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அப்படிப்பட்ட நான், புதுப் பாதுகாப்புச் சட்டை முழங்கால்வரை தொங்க, இதே அறை வாசலில் என் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றேன்.

"யாரு, புது இன்ஜினியரா?"

"ம்."

"என்னது? ஏசி சத்தத்துல கேக்கல லா."

"ஆமா."

"அட, வாய் இருக்கு! உள்ள வா மேடம், மழைல நின்னா ஷார்ட் ஆயிடுவ."

உனக்கும் எனக்கும் ஒரே வயது. நீ பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்ததும் வேலைக்கு வந்துவிட்டாய். தினமும் கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாய். பாலத்தை ஓட்டுவது உன் வேலை. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. எனக்காக மெக்கானிக்குகளிடம் நீ சத்தம் போடுவாய். உனக்காக நான் ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதுவேன். "உன் இங்கிலீசுல படிச்சா எனக்கே என் மேல பாவமா இருக்கு" என்று ஒருமுறை சொன்னாய்.

பாலம் ஒட்டியிருக்கும்போது விமானம் அசையாமல் நிற்கிறது என்றுதான் பயணிகள் நினைப்பார்கள். அது நிற்பதில்லை. ஆட்கள் இறங்கினால் கொஞ்சம் எழும்பும். பெட்டிகளை ஏற்றினால், எண்ணெய் ஊற்றினால் தாழும். பாலமும் கூடவே ஏறி இறங்க வேண்டும். அதற்காகப் பாலத்தின் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சக்கரம் விமானத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். விமானம் அசைந்தால் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் பாலம் அசையும். சக்கரம் சுற்றாவிட்டால், திறந்து கிடக்கும் விமானக் கதவு தாழ்ந்து வந்து பாலத்தின் தரையில் உட்கார்ந்துவிடும்.

மூன்றாம் எண் சக்கரம் மக்கர் செய்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் நீ. நம் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி அனுப்பினாய். "மூணாம் நம்பர் சக்கரம் ரோஸாக். சுத்துது, அப்புறம் தூங்குது. எங்க மாமா மாதிரி." எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள். மெக்கானிக் அண்ணன் வந்து துடைத்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் சக்கரம் மறுபடி தூங்கியது.

அன்று நீ பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தாய். பதிவேட்டில் கோளாறு என்று ஒரு வரி விழுந்தால், அது சரியாகும்வரை பாலத்தை மூடியாக வேண்டும். விமானம் தள்ளி நிற்கும். பயணிகள் வெயிலிலோ மழையிலோ நடந்து போய்ப் படியேற வேண்டும். மேலே இருப்பவர்கள் கத்துவார்கள். அதனால்தான் நம் இடத்தில் எல்லோரும் வாயால் சொல்வார்கள், குழுவில் சொல்வார்கள், புத்தகத்தில் மட்டும் எழுத மாட்டார்கள். புத்தகம் எப்போதும் சுத்தமாக இருக்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

எழுதட்டுமா என்று என்னைக் கேட்டாய். நான் மேலாளரைக் கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் உனக்குக் குரல் செய்தி அனுப்பினேன்: "புக்ல எழுதாத. குரூப்ல மட்டும் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்ளவில்லை. நீதான் பார்த்துக்கொண்டாய். அதற்கப்புறம் விமானம் நிற்கும் நேரம் முழுவதும் அறையை விட்டு நகராமல், பொத்தான் மேல் விரலை வைத்து, கண்ணாலேயே அளந்து பாலத்தை இறக்கினாய். கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை. "நான்தான் இப்ப சக்கரம்" என்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை ஒரு கையால் பிரித்துக்கொண்டே சொன்னாய்.

அந்தப் பிற்பகல் மழை. பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் சரிவில் தரை நனைந்திருந்தது. ஊன்றுகோலோடு வந்த ஒரு சீன அங்கிள் வழுக்கி விழுந்தார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நீ ஓடினாய். அவரைத் தூக்கிச் சுவரோரம் உட்காரவைத்துத் திரும்புவதற்குள் கீழே பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். விமானம் தாழ்ந்தது. சக்கரம் தூங்கியது. கதவின் அடி வளைந்துவிட்டது.

யாருக்கும் காயமில்லை. அங்கிளுக்கு முழங்கை சிராய்ப்பு மட்டும். ஆனால் அந்த விமானம் அன்று பறக்கவில்லை. உன்னை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த வாரமே உனக்கு டெங்கி. கிள்ளான் மருத்துவமனைக்கு நான் வந்தபோது உன்னால் பேச முடியவில்லை. "எல்லாம் சரியாயிடும்" என்று நான் சொன்னது காய்ச்சலைப் பற்றியா, விசாரணையைப் பற்றியா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுமே சரியாகவில்லை.

நீ போன பிறகு அறிக்கை வந்தது. ஒரே பக்கம். 'பாலத்தை இயக்கியவர் தம் இடத்தை விட்டு அகன்றதே காரணம்.' கீழே, சக்கரம் நல்ல நிலையில் இருந்தது என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கட்டம்.

கூட்டத்தில் தணிக்கையாளரோடு சேர்த்து ஆறு பேர் இருந்தார்கள். மேலாளர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. உன் சாவுக்கு வந்தவர், மாலை போட்டவர்.

"போட்டுடும்மா. அவ இப்ப இல்ல. இதனால யாருக்கும் பாதிப்பு இல்ல."

நான் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கோ அந்த 'யாருக்கும்' என்ற வார்த்தைதான் திரும்பத் திரும்பக் கேட்டது. யாருக்கும் பாதிப்பு இல்லையாம். செத்தவள் யாருமே இல்லையா? உன் அம்மா யார்? விழுந்த அங்கிளைச் சுற்றிக்கொண்டு நடந்தவர்களை எந்த அறிக்கையும் கேட்கவில்லை. குனிந்து தூக்கியவளுக்கு மட்டும் ஒரு பக்கம்.

 எனக்குப் பேச வராது என்று தெரியும். அதனால் கைப்பேசியை மேசை மேல் வைத்து, ஒலியை முழுக்கக் கூட்டி, உன்னைப் பேச விட்டேன்.

"மூணாம் நம்பர் சக்கரம் ரோஸாக்..." அடுத்தது: "இன்னிக்கும் தூங்குது டி." அடுத்தது: "அந்த மொட்ட பாஸ்கிட்ட சொல்லு, அவரு தலைய வச்சு உருட்டுனாகூட இதவிட நல்லா சுத்தும்!"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேலாளர் தலையைத் தடவிக்கொண்டார். "போதும், ஆஃப் பண்ணு" என்றார்.

"இன்னும் ஒன்னு இருக்கு பாஸ்."

அதை ஓடவிடத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது. அது என் குரல். புக்ல எழுதாத. குரூப்ல மட்டும் சொல்லு. அந்த அறையில் என் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்டது தெரியுமா? ஏசி சத்தத்தையும் தாண்டி.

"அவ எழுத வந்தா. நான் தடுத்தேன். என் பேரப் போடுங்க" என்றேன். யார் சொல்லித் தடுத்தாய் என்று தணிக்கையாளர் கேட்டார். அதையும் சொன்னேன்.

அறிக்கையை மாற்றினார்கள். கோளாறு பலமுறை வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது என்றும், பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று பொறியாளர் தடுத்தார் என்றும், விழுந்த பயணிக்கு உதவவே பாலத்தை இயக்கியவர் நகர்ந்தார் என்றும் இப்போது இருக்கிறது. எனக்கும் மேலாளருக்கும் எச்சரிக்கைக் கடிதம். மதிய உணவு மேசையில் சிலர் இப்போது என் பக்கத்தில் உட்காருவதில்லை. நான் எப்படியும் அவர்களோடு பேசியதில்லை. பெரிய நட்டம் இல்லை.

அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கேட் அருகிலேயே நின்று உன் அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கடைசி வரிவரை கேட்டுவிட்டு, "எழுத வேணான்னு சொன்னது நீயா?" என்றார். ஆமாம் என்றேன். தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. நீயும் மன்னிக்க வேண்டாம். அந்தத் தாள் அந்த வீட்டில் இருக்கிறது. அது போதும்.

இன்று காலை அந்த வாடைக்குள் நின்றுகொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். புதுச் சக்கரம்தான். பாதி சுற்றில் தயங்கியது. பதிவேட்டை எடுத்து எழுதி, முழுப் பெயரைப் போட்டேன். பாலத்தை மூடினேன். மேலாளர் போனில் கத்தினார்.

"இன்னிக்கு ஃபுல் ஃப்ளைட், தெரியுமில்ல? துடைச்சிட்டு ஓட்டச் சொல்லு!"

"மூடியாச்சு பாஸ். எழுதியாச்சு."

பயணிகள் தூறலில் நடந்தார்கள். நான் கீழே இறங்கிப் போய்ப் படியருகே குடையோடு நின்றேன். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வந்த ஓர் ஆன்டி என் சட்டையில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, அவ்ளோ பெரிய பாலத்த வச்சுக்கிட்டு இப்படி நனைய விடுறீங்களே, யாரு இத மூடுனது?"

"நான்தான் ஆன்டி," என்றேன், அவர் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.