ஜில்லென்ற ஒயினும் மிளகுக் கறியும்

செப்டம்பர் 12, வெள்ளி

சமைப்பவர்களுக்கு நாக்கு கிடையாது என்று எங்கள் மலை ரிசார்ட் முதலாளி முடிவு கட்டிவிட்டார்.

காலையிலிருந்து சாரல். யூனிஃபார்ம் இரண்டும் ஈரம்.

ஆறு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்திருக்கிறார். தென் பிரான்ஸ். அங்கே கூலி வேலைக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டோடு குடிக்கிற மலிவுச் சரக்காம், அவரே சொன்னார். இங்கே அதற்கு வெள்ளை மேஜைவிரிப்பு. ஞாயிறு மதியம் நண்பர்கள் நாலு பேர் ருசி பார்க்க வருகிறார்கள். பொருத்தமான சாப்பாடு சமையல்கார சின்னப்பொண்ணு அக்கா பொறுப்பு. ஆனால் சமையலறைக்கு ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது.

அக்கா: "புளிக்குமா துவர்க்குமான்னு தெரியாம எதைப் போட்டு ஆக்கறது?"

சரியான கேள்வி. யாரிடம் கேட்க?

செப்டம்பர் 13, சனி

பரிமாறுகிறவன் என்பதால் எனக்கு ஒரு கிளாஸ் அனுமதி. சமையலறையில் வைத்து அக்காவும் நானும் பாதிப் பாதி.

முகர்ந்தார். ஒரு மடக்கு. "நாவப்பழமாட்டம் வாசம். கடைசில வாழைக்காயக் கடிச்சாப்பல நாக்க இழுக்குது. எங்கூட்டுக்காரர் குடிக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

ஒவ்வொன்றாய்:
மீன் வறுவல் – வாயெல்லாம் இரும்பு வாடை.
மிளகாய்ச் சட்னி – எரிச்சல் இரண்டு மடங்கு.
முடவாட்டுக்கால் கிழங்கு சூப் – இதுவும் அதுவும் முகம் கொடுத்துப் பேசவில்லை.
கொழுப்போடு ஆட்டுக்கறி, மலை மிளகு மட்டும் – அடடா. துவர்ப்பு அடங்கிப் பழவாசம் நின்றது.

"மிளகாயே வேண்டாம் சாமி. மிளகு போதும்."

மூன்று வருட கேட்டரிங் படிப்பில் எனக்கு இது யாரும் சொல்லித் தரவில்லை.

சாயங்காலம் மேனேஜர் எல்லா பாட்டிலையும் ஃப்ரிட்ஜில் அடுக்கினார். வெளியே இருக்கட்டும், மலைக்குளிரே போதும் என்றேன். "பீர் மாதிரி ஜில்லுன்னு இருக்கோணும்டா. நீ பிரான்ஸைப் பாத்தவனா?" அவரும் அடிவாரத்து முள்ளுக்குறிச்சியைத் தாண்டாதவர்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெயில், அதிசயமாய்.

கிளாஸெல்லாம் வேர்த்திருந்தது. முதல் மடக்கிலேயே ஒருவர்: "ஏனுங்க, கஷாயமாட்டம் கசக்குதுங்க." இன்னொருவர் சோடா கேட்டார். முதலாளிக்கு முகம் சிறுத்துப்போனது. மேனேஜர் உடனே: "கறில மிளகு ஜாஸ்தியாயிருச்சுங்க சார். அதான் வாயில கசப்பு."

முதலாளி: "அந்தம்மா இனி வேண்டாம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன், கையில் ட்ரேயோடு. வாயைத் திறக்கவில்லை. இதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து, கஷாயம் என்றவரே மேஜையில் கிடந்த பாட்டிலிலிருந்து ஊற்றி, மிச்சக் கறியோடு குடித்தார். "இது நல்லாருக்குதே. வேற பாட்டிலா?" அதே பாட்டில். குளிர் விட்டிருந்தது, அவ்வளவுதான். முதலாளி அதற்குள் எழுந்து போயிருந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

மூடுபனி.

அக்கா வழக்கம்போல் முதல் பஸ்ஸில் வந்தார். கேட்டிலேயே மேனேஜர் நிறுத்திவிட்டார். "நா என்ன தப்புப் பண்ணேன் கண்ணு?" என்று அக்கா என்னைத்தான் கேட்டார். இந்த வேலைக்காக மிளகு பறிக்கும் கூலியை விட்டுவிட்டு வந்தவர். கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தார்.

மிச்சமிருந்த ஒயினை நான் நேற்றே வெளியில் எடுத்து வைத்திருந்தேன். மீந்திருந்த கறியைச் சூடு பண்ணினேன். தட்டும் கிளாஸுமாகக் காருக்கு ஓடினேன். முதலாளி சேலம் கிளம்பிக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் விஷயத்தைச் சொன்னேன். போனில் இருந்தார், அப்புறம் என்று கையைக் காட்டினார். கண்ணாடி மேலே ஏறியது. கண்ணாடியைத் தட்டினேன்.

"ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின். ருசி பாத்துட்டு, தப்பு யாரு மேலன்னு அக்கா முன்னால சொல்லிட்டுப் போங்க சார்."