சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

அண்ணே,

மதியம் வேம்படியில் சாய்ந்திருந்தேன். கண் அசந்த நேரத்தில் நிழல் விலகி வெயில் காலைச் சுட்டது. விழித்ததும் உன் மேல்தான் கோபம் வந்தது. நீ போய்ச் சேர்ந்தும் அது ஆறவில்லை.

நம் ஊர்க் கண்மாய் வறண்டு கிடந்த சித்திரை. கைக்குழந்தையோடு நான் பிறந்த வீடு வந்திருந்தேன். பேப்பரில் ராக்கெட் படம் பார்த்துவிட்டு, நீ தகரக் குழாயில் வெடிமருந்து கிட்டித்து ஒன்று செய்திருந்தாய். பார்க்க ஊரே கண்மாய்க்குள் இறங்கியது. ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். சூரியன் கண்ணைக் குத்தாமலிருக்க எங்களை மேற்குக் கரையோரப் புளியமரத்தடியில் கிழக்கே பார்த்து உட்காரவைத்தாய். தலையில் ஈரத்துண்டு போடச் சொன்னாய். முன்னால் சுண்ணாம்புக் கோடு கிழித்தாய்.

"இதத் தாண்டி ஒரு பய வரக்கூடாது!"

திரி பற்றவில்லை. நீ குனிந்து குடைந்துகொண்டே இருந்தாய். பொழுது சாயச் சாய, மரத்தடியில் வெயில் புகுந்து நிழல் கிழக்கே போனது. சனமும் உட்கார்ந்தபடியே அதன் பின்னால் நகர்ந்தது. நானும்தான். யாரும் எழுந்திருக்காததால் நகர்கிறோம் என்றே தெரியவில்லை. குழந்தையின் முட்டியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு.

"அண்ணே, நிப்பாட்டு! கோட்டத் தாண்டி வந்துட்டோம்!"

"ஒக்கார வச்சதே நாந்தான். வாயப் பொத்திக்கிட்டு இரு புள்ள." நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓலவெடிக்கே அண்டாவுக்குள்ள ஒளியிறவளாச்சே இவ!" என்றாள் சின்னம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெயிலில் நடந்து வந்து உன் குழாயை ஒட்டி நின்றேன்.

"இப்பப் பத்த வையி, பாப்போம்."

அப்போதுதான் தலை நிமிர்ந்தாய். கூட்டம் எவ்வளவு கிட்டே வந்துவிட்டதென்று பார்த்தாய். உன் முகம் வெளுத்தது.

"எல்லாம் அங்கிட்டுப் போங்க! கரைக்கு ஏறுங்க!"

முனகிக்கொண்டே போனார்கள். நானும் போனேன். நீ திரியில் நெருப்பு வைத்தாய். குழாய் மேலே போகவில்லை. சாய்ந்து, தரையைச் சீய்த்துக்கொண்டு எங்கள் பக்கமே வந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த நிழலில் போய் வெடித்தது. சின்னம்மா மறந்துவிட்டு வந்த ஓலை விசிறி அங்கே எரிந்தது.

"நல்லவேள, நாந்தான் எல்லாரையும் வெரட்டினேன்" என்றாய் அன்று சாயங்காலம். சாகும்வரை அதையே சொன்னாய். என் பேரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

உன்னை வாசலில் கிடத்தியிருந்த அன்று, பந்தல் கீற்றின் இடுக்கு வழியே வெயில் உன் முகத்தில் விழுந்தது. அழுகைக்குள் யாரும் கவனிக்கவில்லை. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வெயிலை மறைத்தேன். அது நகர நகர நானும் நகர்ந்தேன், உன்னைத் தூக்கும்வரை.

கோபத்தோடுதான், அண்ணே.