ஆடிப்பெருக்கும் கடைசி போல்ட்டும்

ஆடிப்பெருக்கு, இரவு.

இன்று மூன்று மணிக்கே வேலையிலிருந்து கிளம்பி காவிரிக்கரை அம்மா மண்டபம் போயிருக்க வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான முதல் ஆடி என்று கயலை உறையூருக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இன்று ஒரு நாளாவது படித்துறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

ஆடிக் காற்றுக்கு ஷெட் கதவைச் சாத்திவிட்டு ஹெலிகாப்டரின் மேல் விசிறிக்கு பிளேடு மாட்டினோம். கடைசி பிளேடு, கடைசி போல்ட். ரெஞ்ச் 'டக்' என்று சத்தம் கொடுத்தால்தான் முறுக்கு சரி. நானோ அவள் எந்தப் புடவையில் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"டிக் போட்டுரட்டுமா?" என்றார் சரிபார்க்கும் ஜோசப் அண்ணன்.

"சத்தம் கேட்டுச்சான்னு தெரியலைண்ணே."

அவர் திட்டவில்லை. சந்தேகம் வந்தால் அந்த பிளேடின் எல்லா போல்ட்டையும் தளர்த்தி, முதலிலிருந்து முறுக்க வேண்டும். ஷெட்டுக்குள் போன் கூடாது, வெளியே பெட்டியில் இருந்தது. அவளிடம் சொல்லவும் வழியில்லை. என் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் கையை அவசரப்பட விடவில்லை.

காவிரிப் பாலம் தாண்டும்போதே இருட்டிவிட்டது. படித்துறையில் கூட்டம் கலைந்து, மிதிபட்ட பூதான் கிடந்தது. அங்கிருந்தே, உறையூர் திரும்பியிருந்த அவளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"நாளைக்கு அதுல ஆளுங்க பறப்பாங்கல்ல?"

"ஆமா."

"அப்ப சரிங்க. போனை வெச்சுராதீங்க. பேச வேணாம், சும்மா இருங்க" என்றாள்.

அவள் பக்கம் டவுன் பஸ் ஹாரன் கேட்டது. என் பக்கத்துக் காவிரி அவளுக்குக் கேட்டதோ என்னவோ.